தொட்டிலும் துலாக்கோலும்

ஒரு வீட்டில் குழந்தை பிறந்தது என்ற செய்தி வந்தவுடன் நம்மவர் கேட்கும் முதல் வினா, ஆணா பெண்ணா என்பது. அடுத்த வினா, தாயும் சேயும் நலமா என்பது. இவ்விரண்டோடு இக்காலத்தில் மூன்றாவது வினா ஒன்றும் சேர்ந்துகொண்டது. குழந்தையின் எடை எவ்வளவு? மூன்று கிலோ என்று விடை வந்தால் மகிழ்கிறோம். இரண்டே கால் கிலோ என்று வந்தால் முகம் வாடுகிறோம்.

இந்த மூன்றாவது வினா நம் பாட்டிமார் அறியாதது. பிறந்த குழந்தையை நிறுத்துப் பார்ப்பது கண்ணேறுக்கு இடமாகும் என்று அஞ்சியவர்கள் அவர்களுள் பலர். தராசு நமக்குப் புதிதன்று. குருவாயூர்க் கோயிலில் குழந்தையைத் தட்டில் அமர்த்தி, ஈடாக வாழைப்பழமும் சர்க்கரையும் வைத்துத் துலாபாரம் கொடுப்பதை இன்றும் காணலாம். ஆயின் அங்கே எடை என்பது நேர்த்திக்கடனின் அளவு, உடல்நலத்தின் அளவன்று. குழந்தை பிறந்த நேரத்தை நாழிகை விநாழிகை தவறாமல் குறித்துச் சாதகம் கணித்த நாம், அதன் எடையை எங்கும் குறித்துவைத்தோமில்லை.

இந்த எடை வினா எவ்வாறு எழுந்தது என்பதையும், பிறக்கும்போதுள்ள உடற்பருமனுக்கும் இரத்தத்தில் ஓடும் கொழுப்புக்கும் தொடர்பு உண்டா என்பதையும், அத்தொடர்பு ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வரும் இருதய நோய்க்கு முன்னறிவிப்பாகுமா என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம். இவ்வாராய்ச்சிக்கு நாம் நின்று நோக்கும் இடம் திருவனந்தபுரம். சாலைக்கடைத் தெருவிலும் கரமனை அக்கிரகாரத்திலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழும் ஊர் அது. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் பிரிக்கப்படும் வரையில் நாகர்கோவிலும் தக்கலையும் குழித்துறையும் அந்நகரையே தலைநகராகக் கொண்டிருந்தன. இன்றும் கன்னியாகுமரி மாவட்டத்தார் கடும் நோய் என்றால் எல்லை கடந்து அந்நகரத்து மருத்துவமனைகளை நாடிச் செல்கின்றனர்.

திருவிதாங்கூரில் மேனாட்டு வைத்தியம் அரசின் ஆதரவோடு வேரூன்றியது பெண்கள் ஆட்சியில் என்பது நினைக்கத்தக்கது. 1813ஆம் ஆண்டில், இராணி கௌரி இலட்சுமி பாய் காலத்தில், அம்மை குத்துதல் அங்கே தொடங்கிற்று. மக்களின் அச்சம் நீங்கும்பொருட்டு அரச குடும்பத்தாரே முதலில் குத்திக்கொண்டனர் என்பர். புதியதைக் கண்டு அஞ்சும் மக்களை அதட்டித் திருத்த இயலாது, தாமே முன்நின்று காட்டித்தான் திருத்த இயலும் என்னும் இப்பாடம், அடுத்த நூற்றாண்டில் பிரசவ வைத்தியத்துக்கும் பயன்பட்டது.

அப்பணியைச் செய்தவர் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ். 1886இல் பிறந்த இவ்வம்மையார், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் விஞ்ஞானம் பயில விரும்பினார். பெண் என்ற காரணத்தால் அவ்வகுப்பு மறுக்கப்பட்டது. வரலாறும் பொருளாதாரமும் பயின்று பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் சென்று வைத்தியப் பட்டமும், டப்ளின் நகரில் மகப்பேற்று வைத்தியப் பயிற்சியும் பெற்றுத் திரும்பி, 1916இல் தைக்காட்டுப் பெண்கள் குழந்தைகள் மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார்.

அக்காலத்தில் பிரசவத்துக்கு மருத்துவமனை செல்வது என்பது, வேறு வழியே இல்லாத ஏழைகளுக்கும், உயிர் ஊசலாடும் நிலையில் இருந்தோருக்கும் உரியதாகவே கருதப்பட்டது. மற்றவர்க்கு ஊர் மருத்துவச்சியே துணை. அம்மருத்துவச்சிகளைப் பகைத்துக்கொண்டால் ஊர் முழுவதும் பகையாகும் என்பதை உணர்ந்த லூக்கோஸ் அம்மையார், அவர்களுடைய பெண்மக்களையே அழைத்துப் பயிற்சி அளித்தார். தாய் செய்த தொழிலையே மகளும் செய்தாள்; ஆனால் கையைக் கழுவிக்கொண்டு, கருவிகளைக் கொதிநீரிலிட்டு, நடந்ததை எழுதிவைத்துச் செய்தாள். 1938இல் இவ்வம்மையார் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் பதவியை அடைந்தார். 32 அரசு மருத்துவமனைகளும் 40 அரசு மருந்தகங்களும் அவருடைய மேற்பார்வையில் இருந்தன. நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனை அமைந்ததும் அவருடைய முயற்சியாலேயாம். 1976இல் அவர் மறைந்தார்.

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியை 1951 நவம்பரில் பண்டித நேரு திறந்துவைத்தார். அதன் அங்கமாக மகளிர்க்கும் குழந்தைகளுக்கும் 1952இல் அமைந்ததே ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனை. 1944இல் சிறு வயதிலேயே மறைந்த அரச குடும்பத்துக் குழந்தை ஒன்றன் நினைவாக இப்பெயர் இடப்பட்டது. எஸ்.ஏ.டி. என்று மக்கள் சுருக்கி அழைக்கும் இம்மருத்துவமனையின் பிரசவ அறையில், தைக்காட்டில் முளைத்த பழக்கம் மரமாயிற்று. குழந்தை பிறந்தால் நிறுக்க வேண்டும். நிறுத்ததை எழுத வேண்டும்.

எழுதுவதால் என்ன பயன்? இவ்வினாவுக்கு விடை கிடைத்த கதை வியப்புக்குரியது. அக்கதையின் முதற்பகுதி இங்கிலாந்தில் நடந்தது.

1911இல் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் என்னும் மாவட்டத்தில் எதெல் மார்கரெட் பர்ன்சைடு என்னும் பெண்மணி மருத்துவச்சிகளின் மேற்பார்வையாளராக இருந்தார். அவருடைய ஏற்பாட்டின்படி மருத்துவச்சிகள் வீடுதோறும் சென்று, பிறந்த குழந்தையின் எடையையும், ஓராண்டு நிறைவில் அதன் எடையையும் ராத்தல் கணக்கில் பேரேட்டில் பதிந்தனர். எதிர்காலத்தில் பெரிய ஆராய்ச்சி நிகழும் என்று எண்ணி அவர்கள் எழுதவில்லை. தம் பொறுப்பிலுள்ள குழந்தை பிழைக்க வேண்டுமே என்ற கவலையால் எழுதினார்கள். பேரேடுகள் பல்லாண்டுகள் அலமாரியில் உறங்கின. பின்னர் டேவிட் பார்க்கர் என்னும் வைத்தியப் பேராசிரியர் அவற்றைத் தேடி எடுத்தார். 1911 முதல் 1930 வரை பிறந்த 5,654 ஆண்களின் பிற்கால வாழ்வை அவருடைய குழுவினர் ஆராய்ந்து 1989இல் வெளியிட்டனர். பிறக்கும்போதும் ஓராண்டிலும் எடை குறைந்திருந்தவர்களே இருதய நோயால் மிகுதியாக இறந்திருந்தனர் என்று அதில் கண்டனர்.

இருதய நோய் என்றால் மிகுதியாக உண்பவனுக்கும் புகை பிடிப்பவனுக்கும் நடுவயதில் வருவது என்றே உலகம் அதுவரை எண்ணியிருந்தது. அதன் வித்து கருப்பையிலேயே ஊன்றப்படுகிறதோ என்னும் ஐயம் இப்போது எழுந்தது. ஐயம் எழுந்ததும், இரத்தத்தின் கொழுப்பை நோக்கி ஆராய்ச்சியாளரின் கண் திரும்பிற்று.

இங்கே கொழுப்பின் வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும். பித்தப்பைக் கற்களிலிருந்து பிரித்தெடுத்த வெண்ணிறப் பொருள் ஒன்றுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலஸ்டிரின் என்று பெயரிட்டவர் பிரெஞ்சு இரசாயன அறிஞர் செவ்ரூல். அதுவே பின்னர்க் கொலஸ்டிரால் ஆயிற்று. 1913இல் ருஷ்ய நாட்டு அறிஞர் அனிச்கோவ், முயல்களுக்குக் கொலஸ்டிராலை ஊட்டி, அவற்றின் இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிவதைக் காட்டினார். 1948இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் என்னும் சிற்றூரில் தொடங்கிய நீண்ட ஆய்வு, இரத்தத்தில் கொலஸ்டிரால் மிகுந்த மனிதர்க்கு இருதய நோயும் மிகுதி என்பதை நிலைநாட்டிற்று.

கொழுப்பு நீரில் கரையாது, இரத்தமோ நீர்மயமானது. ஆகவே கொழுப்பு, புரதத்தாலான சிறு படகுகளில் ஏறித்தான் இரத்தத்தில் பயணம் செய்கிறது. அடர்த்தி குறைந்த படகுகள் கொலஸ்டிராலை உடலெங்கும் கொண்டுசெல்கின்றன. மிகுந்தால் குழாய்ச்சுவரில் இறக்கிவிடுகின்றன. அடர்த்தி மிகுந்த படகுகள் எஞ்சியதைத் திரட்டிக் கல்லீரலுக்கு மீட்டுவருகின்றன. டிரைகிளிசரைடு என்பது மற்றொரு வகை. அது உடலின் எரிபொருட் சேமிப்பு.

கருவிலுள்ள சிசுவுக்கு இக்கொழுப்பு எங்கிருந்து வருகிறது? தாயின் இரத்தம் அப்படியே சிசுவினுள் பாய்வதில்லை. நஞ்சுக்கொடி இடையே நின்று காவல் புரிகிறது. தாயின் டிரைகிளிசரைடை அது உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக்கி அனுப்புகிறது. கொலஸ்டிராலில் ஒரு பகுதியைக் கடத்துகிறது. எஞ்சிய தேவையைச் சிசு தானே ஆக்கிக்கொள்கிறது. மூளையும் நரம்பும் உயிரணுவின் சுவரும் அமைவதற்குக் கொலஸ்டிரால் இன்றியமையாதது. ஆகவே அதை நஞ்சென்று மட்டும் எண்ணுதல் தவறு.

பிறந்த குழந்தையின் இரத்தக் கொழுப்பை அளக்க அதன் உடலில் ஊசி குத்த வேண்டுவதில்லை. தொப்புள்கொடியை அறுத்தபின், வீணே போகும் கொடியில் தங்கிய இரத்தமே போதும். குழந்தைக்கு நோவில்லை; தாய்க்கும் நோவில்லை. இவ்வாறு அளந்து பார்த்ததில், பிறந்த குழந்தையின் கொலஸ்டிரால் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 60 முதல் 70 மில்லிகிராம் என்று பல நாடுகளிலும் கண்டனர். வளர்ந்தவர்க்கு 200க்குள் இருப்பது நலம் என்கிறார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கே சிசுவுக்கு உள்ளது. மேலும் சிசுவின் கொலஸ்டிராலில் பாதியை நெருங்கிய பகுதி, நன்மை தரும் அடர்த்தி மிகுந்த படகுகளில் உள்ளது. மனிதன் பிறக்கும்போது தூய குழாய்களோடும் தெளிந்த இரத்தத்தோடும் பிறக்கிறான் என்றே கூறலாம். தாய்ப்பால் குடிக்கத் தொடங்கியதும் இவ்வளவு விரைந்து ஏறுகிறது. இரண்டு வயதளவில் வளர்ந்தவர் நிலையை நெருங்குகிறது. தாய்ப்பாலில் கொலஸ்டிரால் உண்டு. ஆதலின் இவ்வேற்றம் இயல்பானதே. அதற்கு அஞ்சித் தாய்ப்பாலை நிறுத்துவது பேதைமை.

இனி, உருவில் சிறிய குழந்தையின் இரத்தம் எவ்வாறுள்ளது என்பதைக் காண்போம். சிறிய குழந்தை என்று எதைச் சொல்வது? பின்லாந்து நாட்டுக் குழந்தை வைத்தியர் அர்வோ இல்ப்போ 1919இல் 2,500 கிராம் என்னும் எல்லையை வகுத்தார். 1948இல் உலக சுகாதார நிறுவனம் அவ்வெல்லையை ஏற்றுக்கொண்டது. ஆனால் அவ்வொரே எல்லைக்குள் இருவகைக் குழந்தைகள் அடங்கிவிட்டன. ஒன்று, மாதம் நிறையாமல் பிறந்து அதனால் சிறுத்தது. மற்றொன்று, மாதம் நிறைந்தும் வயிற்றில் போதிய ஊட்டமின்றி மெலிந்தது. டென்வர் நகரத்தில் லுலா லப்சென்கோ என்னும் பெண் வைத்தியர் 1960களில் கருவளர்ச்சிக் கோடுகளை வரைந்த பின்னரே இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்தறிய வழி பிறந்தது.

கொழுப்பைப் பொறுத்தவரை இப்பிரிவு மிக முக்கியமானது. மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகளுக்குக் கொடி இரத்தத்தில் கொலஸ்டிரால் சற்று மிகுந்திருப்பதைப் பலர் கண்டுள்ளனர். மாதம் நிறைந்தும் மெலிந்து பிறந்தவற்றுக்கு டிரைகிளிசரைடு மிகுந்திருத்தலைக் கண்டுள்ளனர். மெலிந்த குழந்தைக்குக் கொழுப்பு குறைந்தல்லவா இருக்க வேண்டும் என்று நாம் வியக்கலாம். காரணம் இதுவெனக் கருதுகின்றனர்: டிரைகிளிசரைடை இரத்தத்திலிருந்து இறக்கித் தோலடியில் சேமித்துவைக்க ஒரு நொதியும், அதற்கேற்ற களஞ்சியமும் வேண்டும். மெலிந்த குழந்தையிடம் இரண்டும் குறைவு. களஞ்சியம் சிறுத்த வீட்டில் நெல் மூட்டைகள் தெருவிலேயே நிற்பதுபோல, கொழுப்பு இரத்தத்திலேயே நிற்கிறது.

எடை ஒன்றே போதாது. உடலின் எப்பகுதி குறைந்தது என்பதையும் நோக்க வேண்டும் என்னும் கருத்தை வலியுறுத்தியவரும் பார்க்கரே. ஷெஃபீல்டு நகரத்து ஜெஸ்ஸப் மருத்துவமனையில், பிறந்த குழந்தையின் வயிற்றின் சுற்றளவையும் அளந்து எழுதும் வழக்கம் இருந்தது. அங்கே பிறந்து ஐம்பது வயது கடந்த 219 பேரை அழைத்து இரத்தத்தைச் சோதித்தனர். பிறக்கும்போது வயிற்றின் சுற்றளவு குறைந்திருந்தவர்க்கு, ஐம்பது வயதில் தீய கொலஸ்டிரால் மிகுந்திருந்தது என்று 1993இல் அறிவித்தனர். வயிற்றில் பெரும்பகுதியை அடைத்திருப்பது கல்லீரல். கொலஸ்டிராலை ஆள்வதும் கல்லீரல். ஊட்டம் குறைந்த சிசு, மூளைக்கு இரத்தத்தை அனுப்பிக் கல்லீரலைப் பட்டினி போட்டதன் விளைவோ இது என்பது அவர்கள் ஊகம்.

நம் நாட்டுக்கு வருவோம். மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை என்று ஒன்று உண்டு. 1934 முதல் அங்கே பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச்சுற்று ஆகியவை பேரேடுகளில் பதியப்பட்டன. 1934க்கும் 1954க்கும் இடையே அங்கே பிறந்து மைசூரிலேயே வாழ்ந்துவந்த 517 பேரை ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்துச் சோதித்து, முடிவை 1996இல் வெளியிட்டனர். பிறக்கும்போது ஐந்தரை ராத்தலோ அதற்குக் குறைவோ இருந்தவர்களில் நூற்றுக்குப் பதினொருவருக்கு இருதய நோய் இருந்தது. ஏழு ராத்தலும் அதற்கு மேலும் இருந்தவர்களில் நூற்றுக்கு மூவருக்கே இருந்தது.

புனே நகரில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் 1993 முதல் கிராமத்துத் தாய்மாரைக் கருவுறுமுன்பிருந்தே தொடர்ந்து கவனித்தனர். அத்தாய்மாரின் குழந்தைகள் சராசரி 2.7 கிலோ எடையுடையவை. இங்கிலாந்தில் ஒப்பிட்ட குழந்தைகள் 3.5 கிலோ. நம் குழந்தைகள் எல்லா அளவிலும் சிறியவையே. ஆனால் வயிறும் தசையும் குறைந்த அளவுக்கு முதுகுத்தோலின் அடியிலுள்ள கொழுப்பு குறையவில்லை. மெலிந்தும் கொழுத்த குழந்தை என்று 2003இல் இதற்குப் பெயரிட்டனர்.

இச்செய்திகளின் ஒளியில் திருவனந்தபுரத்தை மீண்டும் நோக்கினால் ஒரு முரண் தோன்றுகிறது. குழந்தைகளைக் காப்பாற்றுவதில் கேரளம் நம் நாட்டுக்கே வழிகாட்டி. 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறப்பவை இந்தியா முழுவதற்கும் 28, கேரளத்தில் 6. ஆயினும் அதே மண்ணில் நடுவயது இருதய நோய் பரவியுள்ளது. திருவனந்தபுரம் மாவட்டத்துக் கிராம மக்களிடையே இந்நோயின் அளவை வி. இராமன்குட்டி முதலியோர் ஆராய்ந்து 1993இல் வெளியிட்டபோது, நகரத்தாருக்கே உரியது என்று எண்ணப்பட்ட நோய் நாட்டுப்புறத்திலும் புகுந்துவிட்டது என்பது தெளிவாயிற்று. 1976இல் மாநில அரசு தொடங்கி 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவக் கழகம், இருதய சிகிச்சைக்கென்றே பெயர்பெற்றது. பிரசவத்துக்குப் பேர்போன மருத்துவமனையும் இருதயத்துக்குப் பேர்போன மருத்துவமனையும் ஒரே வளாகத்தை ஒட்டி அமைந்துள்ளன. தொட்டிலுக்கும் இருதய நோய்ப் படுக்கைக்கும் இடையே உள்ளது ஒரு தெருவா, ஒரு வாழ்நாளா என்று எண்ணத் தோன்றுகிறது.

இனி, எச்சரிக்கையாகச் சில சொல்ல வேண்டும். பிறந்த எடைக்கும் பிற்காலக் கொலஸ்டிராலுக்கும் உள்ள தொடர்பு உண்மையில் எவ்வளவு? பல நாட்டு ஆய்வுகளையும் ஒன்றுதிரட்டி 2004இல் கணக்கிட்டபோது, ஒரு கிலோ எடை வேறுபாட்டுக்குக் கொலஸ்டிராலில் காணும் வேறுபாடு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிகிராம்தான் என்று தெரிந்தது. உணவு, உழைப்பு, புகையிலை ஆகியவற்றின் விளைவோடு ஒப்பிட்டால் இது கடுகளவு. அன்றியும், கொடி இரத்தத்தின் கொழுப்பை அளந்து, பரம்பரையாக வரும் கொலஸ்டிரால் நோயைப் பிறந்த அன்றே கண்டுபிடித்துவிடலாம் என்று 1970களில் அமெரிக்காவில் முயன்றனர். அம்முயற்சி நம்பத்தக்கதாக அமையவில்லை. பிறந்த நாளில் மிகுந்திருந்த அளவு, பல குழந்தைகளுக்கு ஓராண்டில் இயல்பாகிவிட்டது. இயல்பாயிருந்த சிலருக்கு உயர்ந்தது.

ஆகவே பிறந்த எடையை இன்னொரு சாதகமாகக் கொள்ளுதல் கூடாது. இரண்டே கால் கிலோவில் பிறந்த குழந்தைக்கு இருதய நோய் எழுதிவைக்கப்படவில்லை. நான்கு கிலோவில் பிறந்ததற்கு விலக்குச் சீட்டும் கிடைக்கவில்லை. பெருங்கூட்டத்தின் கணக்கு ஒரு நாட்டுக்கு வழிகாட்டும். ஒரு தனிக் குழந்தையின் தலைவிதியைக் கூறாது.

மற்றொரு தீமையும் உண்டு. குழந்தை சிறுத்துப் பிறந்தால் பழி தாயின் மேல் விழுகிறது. அவள் சரியாக உண்ணவில்லை, நடக்கவில்லை, நாங்கள் சொன்னதைக் கேட்கவில்லை என்பர் மாமியாரும் நாத்தியும். வரலாறு கூறுவது வேறு. 1944-45 குளிர்காலத்தில் பகைவர் உணவை மறித்ததால் ஹாலந்து நாட்டில் பஞ்சம் நேர்ந்தது. அக்காலத்தில் கருவுற்றிருந்த தாய்மாரின் குழந்தைகள் எடை குன்றின. அவர்களுள் கருவின் தொடக்க மாதங்களில் பஞ்சத்துக்கு உட்பட்டவர்க்குப் பிற்காலத்தில் இரத்தக் கொழுப்பின் தன்மையும் கெட்டிருந்தது. அத்தாய்மார் செய்த குற்றம் யாது? கருவுற்ற பெண்ணின் தட்டில் என்ன விழுகிறது என்பதை நிர்ணயிப்பவள் பெரும்பாலும் அவளல்லள். வீடும் நாடும் ஆகும். அவள் பெண்குழந்தையாக வளர்ந்த காலத்திலேயே அவளுக்கு எவ்வளவு பரிமாறினோம் என்பதும் இக்கணக்கில் சேரும். வயிற்றுப் பிள்ளை பெருத்தால் பிரசவம் கடினமாகும் என்று கடைசி மாதங்களில் சோற்றைக் குறைக்கும் பழக்கம் இன்னும் சில குடும்பங்களில் எஞ்சியுள்ளது. அது அறவே ஒழிய வேண்டும்.

சிறுத்துப் பிறந்த குழந்தையை விரைவில் கொழுக்கவைத்துவிட வேண்டும் என்னும் ஆவலும் நன்மை தராது. தில்லியில் 1969க்கும் 1972க்கும் இடையே பிறந்த 1,492 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. குழவிப் பருவத்தில் மெலிந்திருந்து, இரண்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடையே விரைந்து பருத்தவர்களுக்கே நீரிழிவு மிகுந்தது என்று அது காட்டிற்று. தாய்ப்பால் நிறைய வேண்டும். பின்னர்ச் சத்துள்ள வீட்டு உணவு வேண்டும். ஓடியாட இடம் வேண்டும். இனிப்பையும் நெய்யையும் திணிப்பது அன்பாகாது.

திருவனந்தபுரத்தில் இவ்வகை அன்பை நெறிப்படுத்த ஒரு நிலையம் தோன்றியது. 1987இல் எஸ்.ஏ.டி. மருத்துவமனையைச் சார்ந்து டாக்டர் எம். கே. சி. நாயர் முன்னின்று தொடங்கிய குழந்தை வளர்ச்சி மையம் அது. எடை குன்றிப் பிறந்த குழந்தைகளுக்குத் தாயே வீட்டில் செய்யத்தக்க எளிய பயிற்சிகளை வகுத்ததும், அக்குழந்தைகள் வளர்வதைப் பின்தொடர்ந்து குறித்துவந்ததும் அதன் பணி. லூக்கோஸ் அம்மையார் மருத்துவச்சியின் மகளிடம் நம்பிக்கை வைத்ததுபோல, இம்மையம் தாயிடம் நம்பிக்கை வைத்தது. பழியைச் சுமத்தாமல் பொறுப்பை அளித்தது.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ் மக்களுக்கு இவ்வரலாறு தனியே கூறும் செய்தி ஒன்றுண்டு. ஹெர்ட்ஃபோர்ட்ஷயரிலும் ஷெஃபீல்டிலும் மைசூரிலும் உண்மை புலப்பட்டதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, யாரோ ஒருத்தி எழுதிவைத்தாள். மற்றொன்று, எழுதப்பட்டவர் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் தேடியபோது கிடைத்தார். நம் நிலையோ வேறு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்னும் வழக்கப்படி, மும்பையில் வாழும் பெண் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து திருநெல்வேலிக்குச் செல்கிறாள். குழந்தைக்கு மூன்று மாதமானதும் திரும்புகிறாள். கருக்காலச் சோதனைக் குறிப்புகள் ஓரிடத்தில். பிறந்த எடை மற்றோரிடத்தில். தடுப்பூசிக் கணக்கு மூன்றாமிடத்தில். கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் ஊர் ஊராகப் பெயர்பவர்களின் நிலை இதனினும் துன்பமானது. குழந்தையின் முதல் ஆயிரம் நாட்களின் வரலாறு மூன்று மொழிகளில் சிதறி, இறுதியில் எவர் கையிலும் இல்லாமற் போகிறது.

இதற்குப் பெருஞ்செலவு ஏதும் வேண்டுவதில்லை. தாய்சேய் நல அட்டையை ஊர்விட்டு ஊர் செல்லும்போது உடன் எடுத்துச் செல்லுதல் வேண்டும். பிறந்த எடை, நீளம், தலைச்சுற்று, எத்தனை வாரத்தில் பிறந்தது என்னும் நான்கையும் மருத்துவமனையை விட்டு வருமுன் கேட்டு எழுதி வாங்குதல் வேண்டும். எடையோடு வாரத்தையும் குறித்தால்தான், முன்னரே பிறந்து சிறுத்ததா, வயிற்றில் மெலிந்து சிறுத்ததா என்பது பின்னால் வரும் வைத்தியருக்கு விளங்கும். வீட்டில் பெற்றோருக்கு இளவயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால், குழந்தை வளர்ந்தபின் அதன் இரத்தக் கொழுப்பை ஒருமுறை சோதிக்குமாறு வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். கொடி இரத்தத்தின் அளவைவிட இக்குடும்ப வரலாறு அவருக்கு மிகுதியும் உதவும்.

சாதக ஓலையைப் பட்டுத்துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. அவ்வோலையோடு இந்தச் சீட்டும் இருக்கட்டும். ஓலை, மாற்ற முடியாது என்று நம்பப்படுவதைக் கூறுகிறது. சீட்டோ மாற்றத்தக்கதைக் கூறுகிறது. இக்குழந்தை சற்று மெலிந்து பிறந்தது, ஆகவே இதன் உணவையும் ஓட்டத்தையும் சற்றுக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று பின்வருவோரைக் கேட்டுக்கொள்கிறது. தைக்காட்டில் பயின்ற மருத்துவச்சியின் மகள் அன்று எழுதத் தொடங்கிய அவ்வேண்டுகோளை, இன்று எந்த ஊரில் வாழ்ந்தாலும் பாதுகாத்து அடுத்த தலைமுறையிடம் சேர்ப்பது நம் கடமையாகும்.